கிட்டார் மைக்குக்குள் புகுந்த குரல்

போன சித்திரையில் காட்பாடியில் ஒரு கல்யாண வரவேற்பு. தம்பி ஒருவர் அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடினார், நான் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் பக்கம் இருந்தேன். பாட்டுக்கு ஒரு மைக், கிட்டாருக்கு ஒரு மைக். பாட்டு மைக்கை மட்டும் திறந்தபோது குரல் கணீரென்று வந்தது. கிட்டார் மைக்கின் ஃபேடரை, அதாவது ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நழுவு பட்டனை, ஏற்றியதும் அதே குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. கேபிளை மாற்றினேன், மைக்கையும் மாற்றினேன். அப்படியேதான் இருந்தது.

கோளாறு எந்தப் பொருளிலும் இல்லை. ஒரே குரல் இரண்டு வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவர் வாயிலிருந்து பாட்டு மைக் மூன்று விரற்கடை, அதாவது சுமார் 5 செ.மீ. கிட்டார் மைக்கோ 55 செ.மீ. தள்ளி. நம்மூர் சித்திரை மாதத்து ராத்திரியில் 31 டிகிரி வெப்பம் என்று வைத்துக்கொண்டால், ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடும். கூடுதலாக உள்ள அரை மீட்டரைக் கடக்க அதற்கு 1.4 மில்லி நொடி ஆகும். காதுக்கு இது தனி எதிரொலியாகக் கேட்காது. ஆனால் 350 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 350 முறை அதிரும் அலைக்கு இந்த நேரம் சரியாகப் பாதி அதிர்வு. ஒரு மைக்கில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும். மிக்ஸரில் இரண்டும் சேரும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடும். 700-ல் முழு அதிர்வு, அதனால் அங்கே வலுவாகும். 1050-ல் மறுபடி தேயும், 1400-ல் மறுபடி ஏறும். வரைபடமாகப் போட்டால் சீப்புப் பல் மாதிரி இருக்கும். பாடுபவர் தலையை அசைத்தால் தூரம் மாறும், பற்களும் இடம் நகரும். குரல் நிலையில்லாமல் அலைவது அதனால்தான்.

55 என்பது 5-ஐப் போல் 11 மடங்கு தூரம் ஆயிற்றே, அங்கே குரல் 21 டெசிபெல் குறைந்துவிடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டு மைக்கும் ஒரே அளவில் திறந்திருந்தால் பிரச்சினையே வராது. ஆனால் கிட்டார் சன்னமான கருவி. அது கேட்க வேண்டுமென்று கெயினை, அதாவது மைக்கில் விழுவதைப் பெருக்கும் குமிழை, ஏற்றித் திருகுகிறோம். திருகும்போது கிட்டாரோடு சேர்ந்து, ஒட்டுக்கேட்ட குரலும் ஏறுகிறது. குரல் கெட்டால் முதலில் கிட்டார் மைக்கைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்.

கிட்டார் மைக்கை இரண்டு சாணிலிருந்து ஒரு சாணுக்குக் கொண்டுவந்தால் கிட்டார் ஒலி சுமார் 6 டெசிபெல் கூடும், அந்த அளவுக்குக் கெயினைக் குறைக்கலாம். ஆனால் நடுத் துளைக்கு நேராக வைக்காதீர்கள். உள்ளிருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதிர்ந்து ‘பொம்’மென்று அடைக்கும், ஸ்பீக்கரும் கூவ ஆரம்பிக்கும். 12-ஆவது ஃபிரெட்டுக்கு (கழுத்தில் உள்ள உலோகக் குறுக்குக் கம்பி) நேராக வைத்தால் தந்தியும் மரமும் சேர்ந்து பேசும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. மைக் எங்கே கேட்கும் என்று எல்லோரும் பார்க்கிறோம். எங்கே கேட்காது என்று பார்த்தால்தான் வேலை முடியும். மேடையில் பொதுவாகப் பயன்படும் கார்டியாய்டு (முன்பக்கத்தையே அதிகம் கேட்கும்) மைக்குக்குப் பக்கவாட்டில் கேட்பு 6 டெசிபெல் குறையும், நேர் பின்னால் ஏறக்குறைய செவிடு. அதனால் கிட்டார் மைக்கை மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்து, அதன் முதுகு பாடுபவரின் வாயைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். பாட்டு மைக்கைக் கீழிருந்து மேல்நோக்கி வைத்தால் அதன் முதுகு கிட்டாரைப் பார்க்கும். அன்று முதல் இடைவேளையில் இதைச் செய்ததும் குரல் பாதிக்குமேல் திரும்பி வந்துவிட்டது.

அப்புறம் ஃபேன். நம்மூர் மண்டபங்களில் மேடைக்கென்று ஒரு பெடஸ்டல் ஃபேன் நிற்கும். அந்தக் காற்று மைக்கில் மோதி அடித்தொனியில் உறுமும். பஞ்சு உறை போட்டு, அடித்தொனியை வெட்டும் லோ கட் பட்டனையும் அழுத்தினால் அடங்கும்.

கிட்டாரில் தந்திகளைத் தாங்கும் சேடிலுக்கு அடியில் வைக்கும் பியெஸோ பிக்கப் காற்றைக் கேட்பதில்லை, அதிர்வைத்தான் கேட்கும். குரல் அதற்குள் அநேகமாகப் புகாது. திறந்தவெளிக் கூட்டம் என்றால் அதுவே போதும். சின்ன மண்டபத்தில் மைக் தரும் மரத்தின் வாசனை அதில் வராது, எனக்கு மைக்தான் வேண்டும்.

கச்சேரிக்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். தந்தியைத் தொடாமல் பாடச் சொல்லி, கிட்டார் ஃபேடரை ஏற்றி இறக்குங்கள். குரலின் நிறம் மாறினால் கிட்டார் மைக்கைச் சற்றுச் சாய்த்து மறுபடி கேளுங்கள். அந்தச் சேனலில் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பட்டனையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது சீப்பை நீக்காது, பள்ளத்தையும் மேட்டையும் இடம் மாற்றும். எந்த நிலையில் குரல் நிறைந்து கேட்கிறதோ, அதில் விட்டுவிட்டு ஸ்டாண்டின் திருகை இறுக்கிவிடுங்கள்.