அடைப்பான்ல மாடு செத்தா சட்டம் என்ன சொல்லுது, இன்சூரன்ஸ் பணம் கிடைக்க என்ன பண்ணணும்

ராத்திரி நல்லா தீனி தின்ன மாடு காலைல கட்டுத்தறியில செத்துக் கிடக்கு, வயிறு உப்பிப் போயிருக்கு, மூக்குலயும் ஆசனவாயிலயும் ரத்தம் கசியுது, அந்த ரத்தம் உறையவே இல்ல, தார் மாதிரி கருப்பா இருக்கு. இப்படி ஒண்ணு பாத்தீங்கன்னா பாம்பு கடிச்சிருக்கும்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க, முதல்ல சந்தேகப்பட வேண்டியது அடைப்பான் நோயை, அதாவது ஆந்த்ராக்ஸ. பிரச்சனை என்னன்னா நம்ம ஊர்ல செத்த மாட்டச் சுத்தி ஒரு மணி நேரத்துக்குள்ள கூட்டம் கூடிடும், ஒருத்தர் தோல் வியாபாரிக்கு போன் போடுவாரு, இன்னொருத்தர் கறிய கூறு போட்டுடலாம்பாரு, எல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் டாக்டருக்கு தகவல் போகும்.

இதுக்கு ஒரு மத்திய சட்டமே இருக்கு, 2009ல வந்த கால்நடை தொற்றுநோய் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். அதோட அட்டவணையில அடைப்பானும் இருக்கு. 4வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, அட்டவணையில உள்ள நோய் தன் மாட்டுக்கு வந்திருக்கும்னு நம்ப காரணம் இருந்தாலே அத வச்சிருக்கிறவர் கிராம அதிகாரிகிட்டயோ பஞ்சாயத்துலயோ தகவல் சொல்லியே ஆகணும், அவங்க கால்நடை டாக்டருக்கு சொல்லணும். நோய் உறுதியாகுற வரைக்கும் காத்திருக்கணும்னு எங்கயும் இல்ல, சந்தேகம் போதும். நடைமுறையில பக்கத்து கால்நடை மருந்தகத்துக்கு நேராவே போன் பண்ணிடுங்க, இல்லனா 1962 அடிங்க, அது கால்நடை ஆம்புலன்ஸுக்கான இலவச நம்பர். விஏஓகிட்டயும் பஞ்சாயத்துலயும் சொல்லி வச்சிடுங்க, நாளைக்கு பேச்சு வராது.

டாக்டர் வந்தா போஸ்ட்மார்ட்டம் பண்ண மாட்டாரு. இதுலதான் நிறைய பேர் சண்டைக்கு போறாங்க, "அறுத்துப் பாக்காம எப்படி சார் சொல்றீங்க"ன்னு. அவரு சோம்பேறித்தனத்துல சொல்லல, அடைப்பான் சந்தேகம்னா அறுக்கவே கூடாதுங்கிறதுதான் விதி. காரணம் இருக்கு. மாட்டு உடம்புக்குள்ள இருக்கிற வரைக்கும் அந்த கிருமி சாதா கிருமிதான், உடம்பை திறக்காம விட்டா சில நாள்ல அழுகல்லயே பெரும்பாலும் செத்துப் போயிடும். ஆனா அறுத்து காத்து பட்டுச்சுன்னா கிருமி தன்னைச் சுத்தி ஓடு கட்டி வித்தா மாறிடும், அந்த வித்து மண்ணுக்குள்ள பல பத்து வருஷம் உயிரோட கிடக்கும், வெயில் மழை எதுவும் அத அசைக்காது. அப்புறம் என்னைக்கோ மழை பெஞ்சு மண் கிளறி, அந்த இடத்துல முளைச்ச புல்ல ஒரு ஆடு மேஞ்சா திரும்ப ஆரம்பிச்சிடும். அதனால டாக்டர் காது நரம்புல குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்து கண்ணாடி சில்லுல தடவி லேபுக்கு அனுப்புவாரு, மைக்ரோஸ்கோப்ல பாக்க அது போதும். குத்தின இடத்தையும் மூக்கு, வாய், ஆசனவாய் எல்லாத்தையும் மருந்துல நனைச்ச பஞ்சு வச்சு அடைச்சிடுவாங்க.

அப்புறம் எரிக்கணும், இல்லனா 6 அடிக்கு குறையாம குழி தோண்டி தோலோட முழுசா புதைக்கணும், ரத்தம் சிந்துன மண்ணையும் வழிச்சு அதே குழியில போடணும், தின்னு மிச்சம் வச்ச தீவனத்தையும் சேத்துதான். கிணறு, ஓடை பக்கத்துல குழி வேணாம், நாய் தோண்டாம முள்ளு போட்டு வைங்க. ஏரியிலயோ ஆத்துலயோ இழுத்து விட்டுடலாம்னு நினைக்கிறவங்களுக்கு: நோய்னு தெரிஞ்சே நீர்நிலையில போட்டா அதே சட்டத்துல முதல் தடவை 2000 ரூபா அபராதம், கட்டலன்னா ஒரு மாசம் ஜெயில். தொகை சின்னதுதான், என்னை கேட்டா இன்னும் ஒரு சைபர் சேத்திருக்கலாம்.

நோய் பரவுதுன்னா அரசாங்கம் அந்த ஏரியாவ கட்டுப்பாட்டுப் பகுதின்னு அறிவிக்கலாம். அறிவிச்சிட்டா அங்க தடுப்பூசி கட்டாயம், மாட்ட வெளிய ஓட்டிட்டுப் போக முடியாது, சந்தைக்கும் தடை வரும்.

இதெல்லாம் பழைய காலத்து நோய் சார்னு சொல்றவங்களுக்கு, 2021 ஜூலைல கோயம்புத்தூர் ஆனைகட்டி பக்கம் ஒரு காட்டு யானை செத்தது இதுலதான், 2022 மார்ச்ல சென்னை ஐஐடி வளாகத்துக்குள்ளயே ஒரு மானுக்கு இது உறுதியாச்சு.

தடுப்பூசிக்கு வருவோம். ராணிப்பேட்டையில 1932லருந்து இருக்கிற கால்நடை நோய் தடுப்பு மருந்து நிலையத்துலயே இந்த மருந்து தயாராகுது. ஆனா எல்லா ஊருக்கும் போட மாட்டாங்க, முன்னாடி நோய் வந்த ஊர்கள்லயும் அத சுத்தியும்தான் வருஷத்துக்கு ஒரு தடவை போடுவாங்க. இங்க ஒரு பெரிய குழப்பம் நடக்குது, "எங்க மாட்டுக்குத்தான் கவர்மெண்ட் ஊசி போட்டாச்சே"ம்பாங்க, அது பாத்தா கோமாரி ஊசியா இருக்கும். 2019ல ஆரம்பிச்ச தேசிய திட்டம் கோமாரிக்கும் கன்று வீச்சுக்கும் மட்டும்தான், அடைப்பான் அதுல கிடையாது, இது மாநிலங்களுக்கு மத்திய அரசு 60க்கு 40ன்னு உதவி பண்ற வேற திட்டத்துல வருது. தொண்டை அடைப்பான்ங்கிறது வேற நோய், அதோட ஊசியும் வேற, அது போட்டா இது வராதுன்னு நினைச்சுடாதீங்க. அடைப்பான் ஊசி உயிருள்ள கிருமி மருந்து, அதனால ஊசி போடுற சமயத்துல மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஓடிட்டிருந்தா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, இல்லனா ஊசி வேலை செய்யாது.

இப்ப பணம். தேசிய கால்நடை இயக்கத்துல மாட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தா 2024ல மாத்துன விதிப்படி பிரீமியத்துல 15 சதவீதம்தான் நம்ம பங்கு, மிச்சத்த மத்திய மாநில அரசுங்க பாத்துக்கும். ஆனா பாலிசி பேப்பர்ல பொடி எழுத்துல ஒண்ணு போட்டிருப்பாங்க, அடைப்பான், சப்பை நோய், தொண்டை அடைப்பான், கோமாரி இதுல செத்தா தடுப்பூசி போட்டதுக்கு டாக்டர் சர்டிபிகேட் இருந்தாத்தான் கிளெய்ம்னு. பாலிசி எடுக்கும்போதே அந்த வரிய படிச்சிடுங்க, ஊசி போட்டா தேதியோட அட்டையில எழுதி வாங்கிக்குங்க.

அடுத்தது காது வில்லை, அதாவது இன்சூரன்ஸ் பண்ண மாட்டோட காதுல மாட்டியிருக்கிற நம்பர் வில்லை. வில்லை இல்லனா கிளெய்ம் இல்லங்கிற பயத்துல மாடு செத்ததும் காதோட அறுத்து எடுத்து வச்சுக்கிறாங்க. அடைப்பான் மாட்டுல அது கத்தி வச்ச மாதிரிதான், ரத்தம் வெளிய வந்துடும். வில்லை நம்பர் தெளிவா தெரியிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க, கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்க, வில்லைய எடுக்கிறத டாக்டர் வந்து பாத்துக்கட்டும். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கேப்பாங்க இல்லயா, அதுக்கு பதிலா அடைப்பான் சந்தேகத்துனால உடல் அறுக்கப்படலைன்னு காரணத்தோட டாக்டர்கிட்ட சர்டிபிகேட்லயே எழுதி வாங்குங்க, லேப் ரிசல்ட் வந்ததும் அதோட நகலையும் சேத்துக் குடுங்க. புதைக்கிறதுக்கு முன்னாடியே இத கேட்டு வாங்கிடணும்.

மாட்ட தொட்டவங்க, தோல் உரிச்சவங்க யாருக்காவது கையில கொப்புளம் வந்து நடுவுல கருப்பா வலியில்லாத புண்ணா மாறுச்சுன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போயி செத்த மாட்ட தொட்டேன்னு சொல்லியே காட்டணும். சீக்கிரம் போனா ஆன்டிபயாடிக்லயே சரியாயிடும், மனுஷங்ககிட்டருந்து மனுஷங்களுக்கு இது சாதாரணமா ஒட்டாது, வீட்ல ஒதுக்கி வைக்கத் தேவையில்ல. கறி தின்னவங்களும் வயித்து வலி வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், அன்னைக்கே போயி சொல்லிடுங்க.