பிரார்த்தனை பண்ணுங்க, வேண்டாம்னு சொல்லல, மாத்திரையை ஏன் நிறுத்துறீங்க?

மறுபடியும் ஒரு கேஸ். மார்பகப் புற்றுநோய், ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன்னு எல்லாத்தையும் பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சவங்க. அதுக்கப்புறம் தினம் ஒரு ஹார்மோன் மாத்திரைதான், அதைப் பாதியிலயே விட்டுட்டு செக்கப்புக்கும் வராம இருந்துட்டாங்க. இப்ப முதுகுவலின்னு வந்து ஸ்கேன் எடுத்தா எலும்புல பரவியிருக்கு. ஏம்மா நிறுத்துனீங்கன்னு கேட்டேன், அவங்க எதுவும் பேசல, கூட வந்தவர்தான் சொன்னார்: "கடவுள் முழுசா குணமாக்கிட்டாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லி நன்றி செலுத்திட்டோம் டாக்டர், அப்புறமும் மாத்திரை சாப்பிட்டா அவரை நம்பாத மாதிரி ஆயிடாதா?"

இதையே வேற வேற மதத்துக்காரங்க வேற வேற மாதிரி சொல்லி எத்தனையோ தடவை கேட்டாச்சு. ஒவ்வொருத்தரா உட்கார வெச்சு விளக்கி வாய் வலிக்குது, அதான் எழுதிடலாம்னு.

மாத்திரையை விட்டதாலதான் அவங்களுக்குத் திரும்ப வந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஒழுங்கா சாப்பிட்டவங்கள்லயும் சிலருக்கு வரத்தான் செய்யுது. ஆனா சாப்பிட்டிருந்தா வர்ற வாய்ப்பு குறைஞ்சிருக்கும், செக்கப்புக்கு வந்துட்டு இருந்திருந்தா வலி ஆரம்பிச்ச உடனே எங்க காதுக்கு வந்திருக்கும். ரெண்டும் போச்சு.

உடனே "டாக்டர் சாமியை நம்பாதவர் போல" அப்படின்னு முடிவு கட்டிடாதீங்க. சிகிச்சை முடிஞ்ச பிறகு வர்ற மாசங்கள் எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். கீமோ நடக்கும்போது வாராவாரம் நர்ஸ், டாக்டர், பிளட் டெஸ்ட்னு சுத்தி ஆள் இருக்கும், முடிஞ்ச அடுத்த நாள் எல்லாரும் "அப்பாடா முடிஞ்சுது"ன்னு போயிடுவாங்க, அப்பதான் நோயாளிக்கு பயமே ஆரம்பிக்குது. கொஞ்சம் தலைவலிச்சாலும் மூளைக்குப் போயிடுச்சோன்னு தோணும், ஸ்கேன் தேதி நெருங்க நெருங்க தூக்கம் வராது. அந்த நேரத்துல பிரார்த்தனைதான் பலரைத் தூக்கி நிறுத்துது, கூட்டு வழிபாட்டுல பழகினவங்கதான் சமைச்சுக் குடுக்கிறாங்க, வண்டி எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர்றாங்க. இதையெல்லாம் எந்த மருந்தும் குடுக்காது. அதனால எனக்கு பக்தியோட சண்டை கிடையாது, பக்தியைக் காரணம் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்ற ஆளோடதான் சண்டை.

அந்தத் தப்பான எண்ணத்தையே கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு, அப்ப குணமாயிடுச்சு, அப்புறம் எதுக்கு மருந்து?" ஸ்கேனுக்கு ஒரு எல்லை இருக்குங்க. சில மில்லிமீட்டருக்குக் கீழ இருக்கிறது அதுல தெரியாது. ஒரு செ.மீ. கட்டியிலயே பத்து கோடியில இருந்து நூறு கோடி செல் வரைக்கும் இருக்கும்னு ஒரு கணக்கு உண்டு, அப்ப ஆயிரம் செல் எங்கேயோ ஒளிஞ்சு உட்கார்ந்திருந்தா எந்த மிஷினும் காட்டாது. அந்த மிச்சத்துக்குத்தான் மாத்திரை. மிச்சம் இருக்கா இல்லையான்னு யாருக்கும் நிச்சயமா தெரியாதுங்கிறதாலதான் எல்லாருக்கும் குடுக்கிறோம்.

மார்பகப் புற்றுநோய்ல, ஹார்மோனைப் பிடிச்சு வளர்ற வகை, அதாவது ஹார்மோன் ரிசப்டார் பாசிட்டிவ்னு ரிப்போர்ட்ல போட்டிருந்தா குறைஞ்சது 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம் வரைக்கும் மாத்திரை. 10 வருஷம்ங்கிறது நாங்க சும்மா இழுக்கிறது கிடையாது. டமோக்சிஃபென்ங்கிற ஹார்மோன் மாத்திரையை 5 வருஷத்தோட நிறுத்தினவங்களையும் 10 வருஷம் தொடர்ந்தவங்களையும் ஒப்பிட்ட அட்லஸ் ஆய்வு 2013ல வந்துச்சு, தொடர்ந்தவங்களுக்கு நோய் திரும்புறதும் அதனால சாவுறதும் குறைவுன்னு காட்டுச்சு. இந்த வகைல திரும்ப வர்ற கேஸ்ல பாதிக்கு மேல 5 வருஷம் தாண்டித்தான் வருது, அதனால "மூணு வருஷமா ஒண்ணுமில்லையே"ங்கிறது ஒரு வாதமே ஆகாது. ரத்தப் புற்றுநோய்ல சி.எம்.எல்.னு ஒண்ணு, இமாட்டினிப் மாதிரி மாத்திரையிலயே பல வருஷம் நல்லா இருக்கலாம். அதுல நிறுத்திப் பார்க்கிறதுன்னு ஒரு முறை இருக்கு, ஆனா டெஸ்ட்ல ரொம்ப ஆழமா அடங்கி சில வருஷம் அப்படியே இருந்தவங்களுக்கு மட்டும்தான், நிறுத்தின பிறகும் அடிக்கடி பி.சி.ஆர்.ங்கிற ரத்த டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டே இருக்கணும், அவ்வளவு பார்த்து நிறுத்தியும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி ஆரம்பிக்க வேண்டி வருது. வீட்லயே தானா நிறுத்தினா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?

இன்னொரு விஷயம். இதே ஆளுங்க பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறாங்க, சர்க்கரைக்கு இன்சுலின் போடுறாங்க. "மாத்திரை வேண்டாம், நம்பினா போதும்"னு சொல்ற பெரியவரே மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் வேதத்தைப் படிக்கிறார். அங்கெல்லாம் குறையாத நம்பிக்கை கேன்சர் மாத்திரைக்கு மட்டும் எப்படிங்க குறையும்?

2018ல ஜாமா ஆங்காலஜி இதழ்ல யேல் பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு ஆய்வு போட்டாங்க. குணப்படுத்தக்கூடிய கட்டத்துல இருந்த அமெரிக்க நோயாளிகள், வழக்கமான சிகிச்சையோட ஏதாவது மாற்று வைத்தியமும் சேர்த்துக்கிட்ட 258 பேரை, அது சேர்த்துக்காதவங்களோட ஒப்பிட்டாங்க. சேர்த்துக்கிட்டவங்களுக்கு இறப்பு அபாயம் ரெண்டு மடங்கு. ஏன்னு பார்த்தா, அவங்கள்ல 100க்கு 34 பேர் கிட்ட ஹார்மோன் சிகிச்சை வேண்டாம்னுட்டாங்க, மத்தவங்கள்ல அப்படிச் சொன்னது 100க்கு 3 பேர்தான். ரேடியேஷனைப் பாதிக்கு மேல மறுத்திருக்காங்க. சிகிச்சையை மறுத்ததையும் தள்ளிப் போட்டதையும் கணக்குல சேர்த்துப் பார்த்தா அந்த வித்தியாசம் உறுதியா சொல்ற அளவுக்கு இல்லாமப் போயிடுச்சு. கூட சேர்த்துக்கிட்டதை விட, கைவிட்டதுதான் கொன்னுருக்கு. இது பிரார்த்தனை பத்தின ஆய்வு கிடையாது, ஆனா நான் ஓ.பி.ல பார்க்கிறதும் அச்சு அசலா இதேதான்.

சரி, நம்பிக்கையோட இருக்கிறவங்களுக்கு நடைமுறைல சில விஷயம்.

விரதம், நோன்பு. இதைக் கேட்காம ஆரம்பிச்சுட்டு அப்புறம் மயங்கி விழுந்து எமர்ஜென்சில வந்து சேருறவங்க நிறைய. சில மாத்திரைக்கு சாப்பாட்டு நேரம் ரொம்ப முக்கியம்: கேபசிடபின் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள்ள, காலை ராத்திரின்னு ரெண்டு வேளை, அபிராடெரோன் வெறும் வயித்துல, தைராய்டு எடுத்தவங்களுக்கு லெவோதைராக்ஸின் காலைல வெறும் வயித்துல. சிஸ்பிளாட்டின்ங்கிற கீமோ மருந்து ஏத்தினவங்களுக்கு கிட்னியைக் காப்பாத்தணும்னா தண்ணி குறையக் கூடாது, பகல் முழுக்கத் தண்ணியே இல்லாம இருக்கிறது அவங்களுக்கு ஆகாது. ஸ்டீராய்டு ரொம்ப நாள் எடுத்தவங்க "இன்னைக்கு விரதம்"னு திடீர்னு விட்டா பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து. உடம்பு சரியில்லாதவங்களுக்குப் பல மதத்துலயும் விலக்கு இருக்கு: குர்ஆன்லயே நோயாளிகளும் பயணம் போறவங்களும் நோன்பை வேற நாளைக்குத் தள்ளி வெச்சுக்கலாம்னு இருக்கு, யூதர்கள்ல உயிரைக் காப்பாத்துறதுதான் அநேகமா மத்த எல்லா விதிக்கும் மேல, கத்தோலிக்க சபையிலயும் நோயாளிக்கு உபவாசக் கட்டாயம் கிடையாது. இதை உங்க பெரியவங்ககிட்டயே கேளுங்க, என்னை விட நல்லாச் சொல்லுவாங்க. அதையும் மீறி இருந்தே ஆகணும்னா முன்கூட்டியே வந்து சொல்லுங்க, சில மருந்தை நேரம் மாத்தி அமைக்க முடியும், சிலதை முடியாது, எது எதுன்னு பார்த்துச் சொல்றோம்.

நீர்ல மூழ்கி எழுறது. இதை யாருமே யோசிக்கிறதில்ல. குரல்வளையை முழுசா எடுத்து கழுத்துல துளை வெச்சவங்க மூக்கு வழியா மூச்சு விடுறதில்ல, அந்தத் துளை வழியாத்தான் விடுறாங்க, கழுத்தளவு தண்ணில நின்னாலே தண்ணி நேரா நுரையீரலுக்குப் போயிடும். எவ்வளவு புனிதமான தண்ணியா இருந்தாலும் இறங்கக் கூடாது, தெளிச்சுக்கிட்டாப் போதும். பிக் லைன், அதாவது மருந்து ஏத்த கை நரம்பு வழியா வெச்ச குழாய், இருக்கிறவங்களும் இறங்காதீங்க. ஆக்ஸாலிபிளாட்டின்ங்கிற கீமோ மருந்து ஏத்தின புதுசுல குளிர்ந்த தண்ணி பட்டாலே கை கால் ஊசி குத்துற மாதிரி இருக்கும், தொண்டை அடைக்கிற மாதிரி ஆகும்.

வெறுங்கால்ல யாத்திரை. பாக்லிடாக்செல், ஆக்ஸாலிபிளாட்டின் மாதிரி கீமோ போட்டு பாதம் மரத்துப் போனவங்களுக்குக் கல்லு குத்தினாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது, ராத்திரி ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். செருப்பு போட்டுக்கோங்க. கழட்டியே ஆகணும்ங்கிற இடத்துல முடிஞ்சா சாக்ஸ் போட்டுட்டு கொஞ்ச தூரம் மட்டும் நடங்க, திரும்பி வந்ததும் பாதத்தைப் பாருங்க. முட்டி போடுறது, விழுந்து கும்பிடுறது: மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல் மாத்திரை எடுக்கிறவங்களுக்கும், புராஸ்டேட்டுக்கு ஹார்மோன் ஊசி போடுறவங்களுக்கும் எலும்பு மெலியும், எலும்புல பரவினவங்களைப் பத்திச் சொல்லவே வேண்டாம். நாற்காலில உட்கார்ந்து பண்ணுங்க.

கூட்டம். கடைசி கீமோ போட்டு ரெண்டு வாரம் வரைக்குமாவது நெருக்கடியான கூட்டத்துக்குள்ள போக வேண்டாம், வெள்ளையணு தரைமட்டமா இருக்கிற நேரம் அது. காய்ச்சல் 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டா பாராசிட்டமால் போட்டு மூடி மறைக்காம, "நாளைக்குப் பூஜை முடிச்சுட்டு வர்றோம்"னு தள்ளிப் போடாம, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கிளம்பி வாங்க. கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

புனிதமானதுன்னு சொல்லி உள்ளுக்குக் குடுக்கிற மூலிகை, பொடி, கஷாயம் எதுவா இருந்தாலும் பாட்டிலோட எடுத்துட்டு வந்து காட்டுங்க. ஈரல் என்சைம் ஏறிப் போய் காரணம் தேடி அலையுறது எங்களுக்கு வாடிக்கையாப் போச்சு, மூணாவது தடவை கேட்கும்போதுதான் "ஒரே ஒரு பொடி மட்டும்"னு வெளில வருது.

மலம் வெளியேற வயித்துல பை வெச்சவங்க, கொலோஸ்டமி. இவங்கள்ல நிறைய பேர் வழிபாட்டுக்குப் போறதையே நிறுத்திடுறாங்க, யார்கிட்டயும் சொல்றதும் இல்ல. பேரன் கல்யாணத்துக்குக் கூட வாசலோட நின்னுட்டு வந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும், "நான் சுத்தமில்லாதவன் டாக்டர்"ங்கிறார். ஐயா, ஒவ்வொரு மனுஷன் வயித்துக்குள்ளயும் அதேதான் இருக்கு, உங்களுக்கு இருக்கிற இடம் மட்டும் மாறியிருக்கு. பை ஒழுங்கா ஒட்டியிருந்தா வாடையும் வராது, கசியாது, கிளம்புறதுக்கு முன்னாடி காலி பண்ணிக்கோங்க, மாத்துப் பை ஒண்ணு கையில இருக்கட்டும். வழிபாட்டு முறை பத்தி சந்தேகம் இருந்தா உங்க மத குருகிட்ட வெட்கப்படாம கேளுங்க, நீங்களா உங்களுக்குத் தடை போட்டுக்காதீங்க. வீட்ல இருக்கிறவங்க "நீங்க வர வேண்டாம், இங்கேயே இருங்க"ன்னு சொல்றதையும் நிறுத்துங்க, அக்கறைல சொல்றதா நீங்க நினைக்கிறீங்க, அவங்களுக்கு அப்படிக் கேட்கல.

எனக்கு நிஜமாவே கோபம் வர்றது இன்னொரு இடத்துல. நோய் திரும்பி வந்தவங்ககிட்ட "உனக்கு நம்பிக்கை பத்தல", "ஏதோ பாவம் பண்ணியிருக்கே", "வேண்டுதலை ஒழுங்கா முடிக்கல"ன்னு சொல்றாங்க பாருங்க, அது. கேன்சர் திரும்புறது கட்டியோட வகை, ஸ்டேஜ், எத்தனை நெறி கட்டிக்கு, அதாவது நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருந்துச்சு, மருந்துக்கு எப்படி அடங்குச்சுங்கிறதைப் பொறுத்தது. பெத்த குழந்தைக்கு லுகீமியா வந்து திரும்பின வீட்லயும் இதே பேச்சைக் கேட்டிருக்கேன், அந்தக் குழந்தை என்ன பாவம் பண்ணுச்சாம்? 2001ல வந்த ஒரு ஆய்வு, பார்கமென்ட்ங்கிற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவும் பண்ணினது, ஆஸ்பத்திரில இருந்த 55 வயசுக்கு மேற்பட்ட 596 பேரை ரெண்டு வருஷம் கவனிச்சாங்க. கேன்சர் நோயாளிங்க மட்டும் கிடையாது, பல நோய்க்காரங்க. கடவுள் என்னைக் கைவிட்டுட்டார், தண்டிக்கிறார்ங்கிற எண்ணத்துல தவிச்சவங்களுக்கு இறப்பு அபாயம் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு. அந்த எண்ணத்தைப் போய் நீங்களே ஊட்டி விடுறீங்க.

நம்பிக்கையே விட்டுப் போச்சுன்னு சொல்றவங்களும் உண்டு. "இவ்வளவு கும்பிட்டும் எனக்கு ஏன்"னு கேட்பாங்க. அவங்களை இழுத்துட்டுப் போய் கும்பிட வைக்காதீங்க. சிலர் கொஞ்ச நாள்ல திரும்புவாங்க, சிலர் திரும்பவே மாட்டாங்க, ரெண்டு பேருக்கும் அதே மாத்திரைதான், அதே செக்கப்புதான்.

எங்க ஆளுங்களையும் சும்மா விடக் கூடாது. பி.பி. பார்க்கிறோம், எடை பார்க்கிறோம், நம்பிக்கை பத்தி ஒரு வார்த்தை கேட்கிறதில்ல. கிறிஸ்டினா புச்சால்ஸ்கின்னு அமெரிக்க டாக்டர் ஒருத்தர் 1990கள்லயே இதுக்கு சுருக்கமா நாலு தலைப்புல கேள்வி வகுத்துக் குடுத்திருக்கார்: என்ன நம்பிக்கை, அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், கூட யார் இருக்காங்க, சிகிச்சைல நாங்க அதை எப்படி கவனிக்கணும். ரெண்டு நிமிஷம் ஆகும். அந்த ரெண்டு நிமிஷத்துல, மாத்திரையை நிறுத்தப் போறவங்க நிறுத்துறதுக்கு முன்னாடியே மாட்டுவாங்க. நாங்க கேட்கலைன்னா நீங்களே சொல்லிடுங்க.

ஏற்கெனவே நிறுத்திட்டீங்களா? பயந்துக்கிட்டு வராம இருக்காதீங்க, திட்டு விழும்தான், ஆனா ரெண்டு நிமிஷத்துக்கு மேல திட்ட எங்களுக்கு நேரம் கிடையாது. கடைசியா சாப்பிட்ட மாத்திரை அட்டையையும், எந்த மாசம் நிறுத்துனீங்கங்கிறதையும் மறைக்காம கொண்டு வாங்க, விட்டுப் போன ஸ்கேனோ டெஸ்டோ என்ன இருக்குன்னு பார்த்து எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னு சொல்றோம். விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்து ரெண்டு ரெண்டா முழுங்குறது மட்டும் வேண்டாம். வர்றப்ப, நிறுத்தச் சொன்னாரே அந்த ஆளையும் முடிஞ்சா கூட்டிட்டு வாங்க, அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்.