பிரவுசர் சொல்லும் விலையை நம்பாதீர்கள்

போன வருடம் ஒரு சேலைக் கடையின் இணையதளத்தைச் சரிபார்த்துத் தரச் சொன்னார்கள். 4,500 ரூபாய் சேலை ஒன்றைக் கூடையில் போட்டேன். எஃப்12 தட்டி பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறந்து, ஃபார்முக்குள் மறைவாக இருந்த விலையை 45 என்று மாற்றி, பொத்தானை அழுத்தினேன். 45 ரூபாய்க்கு ஆர்டர் பதிவாகிவிட்டது.

அந்தத் தளத்தை எழுதிய பையன் கெட்டிக்காரன்தான். "சார், ஜாவாஸ்கிரிப்ட் வேல்யூவ பிஎச்பிக்கு எப்படி அனுப்புறதுன்னு தேடினேன், ஹிட்டன் ஃபீல்டுல வைக்கச் சொல்லியிருந்தாங்க" என்றான். அனுப்பும் வழியைத்தான் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள், வந்து சேர்ந்ததை எப்படிச் சோதிப்பது என்பதை அங்கேயே சொல்லித் தந்திருக்க வேண்டும்.

பிஎச்பி, தளம் இருக்கும் சர்வர் கணினியில் ஓடி முடித்துப் பக்கத்தை அனுப்பிய பிறகுதான் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் தொடங்கும், அதனால் இரண்டும் ஒரே கோப்பில் இருந்தாலும் ஒன்றின் மாறி (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) மற்றதற்குத் தெரியாது; ஃபார்ம் வழியாகவோ ஃபெட்ச் (பக்கத்தை மாற்றாமலே ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பும் வழி) வழியாகவோ சர்வருக்குப் புதிதாக ஒரு ரிக்வெஸ்ட் போக வேண்டும். ஃபெட்சில் ஜேசானாக (தகவலைப் பெயரும் மதிப்புமாக எழுதும் ஒரு வடிவம்) அனுப்பிவிட்டு, பிஎச்பி வந்த மதிப்புகளை வைக்கும் போஸ்ட் அரே ஏன் காலியாக இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய. ஃபார்ம் வடிவில் வருவதை மட்டும்தான் பிஎச்பி அதில் நிரப்பும், ஜேசானை நாமே படித்துப் பிரிக்க வேண்டும். அப்புறம், ஃபார்மை கெட் முறையில் அனுப்பினால் மதிப்பு பிரவுசரின் முகவரிப் பட்டையிலேயே தெரியும், ஹிஸ்டரியிலும் சர்வர் லாகிலும் (வந்த ரிக்வெஸ்ட்களின் பதிவு) தங்கும். கடவுச்சொல்லை அதில் அனுப்பவே கூடாது.

சரி, விலைக்கு வருவோம். தகவலை மறையாக்கி அனுப்பும் ஹெச்டிடிபிஎஸ் இருக்கிறதே என்று கேட்கிறார்கள். அது நடுவழியில் ஒட்டுக்கேட்பவரைத் தடுக்கும், ஆனால் இங்கே விலையை மாற்றுபவர் பிரவுசருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். ஜாவாஸ்கிரிப்டில் வைக்கும் சோதனை, வாடிக்கையாளர் கை தவறித் தட்டினால் உடனே சொல்ல உதவும், அவ்வளவுதான். கட்டளை தட்டியே ரிக்வெஸ்ட் அனுப்பும் கர்ல் என்ற கருவி தெரிந்தவருக்குப் பிரவுசரே வேண்டாம்.

அந்தத் தளத்தில் இப்போது சேலையின் எண், எத்தனை வேண்டும், இந்த இரண்டு மட்டும்தான் பிரவுசரிலிருந்து வருகின்றன. விலையை டேட்டாபேஸில் எடுத்து சர்வரே கணக்குப் போடுகிறது, கட்டிய தொகை அதோடு பொருந்தினால்தான் ஆர்டர். எண்ணிக்கை 1-க்குக் குறையாத முழு எண்ணா என்றும் பார்க்கிறோம், ஏனென்றால் முன்பு -1 என்று கொடுத்தால் மொத்தத் தொகையில் 4,500 கழிந்துகொண்டிருந்தது! டேட்டாபேஸுக்குப் போகும் மதிப்புகள் எல்லாம் பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட் (மதிப்பே கட்டளையாக ஓடிவிடாதபடி இரண்டையும் தனித்தனியாக அனுப்பும் முறை) வழியாகத்தான் போகின்றன.

முன்பு வாடிக்கையாளரின் அடையாள எண்கூட ஃபார்மில்தான் வந்தது. அதில் ஓர் இலக்கத்தை மாற்றினால் வேறொரு பெண்ணின் வீட்டு முகவரியும் போன் நம்பரும் திரையில் வந்தன. அன்று ராத்திரியே அதை செஷனுக்கு (உள்ளே வந்திருப்பவர் யார் என்பதை சர்வரே நினைவில் வைக்கும் இடம்) மாற்றிவிட்டுத்தான் எழுந்தோம்.