அந்த 10 விநாடி

ஒரு பையனைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் ஒருவன், வகுப்பே சிரிக்கிறது. விஷயம் ஆசிரியர் காதுக்குப் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, “யாருடா ஆரம்பிச்சது?” ஆராய்ச்சியாளர்களும் ரொம்ப நாள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கனடாவில் உளவியலாளர் டெப்ரா பெப்ளர் குழுவினர் பள்ளி மைதானங்களில் கேமரா வைத்தார்கள்; பிள்ளைகளுக்குச் சின்ன மைக்கும் மாட்டிவிட்டார்கள். 2001-இல் வெளியான கணக்கு இது: 100 சீண்டல் சம்பவங்களில் 88-இல் மற்ற பிள்ளைகளும் அங்கே நின்றிருந்தார்கள். யாராவது குறுக்கே புகுந்தது 19-இல்தான். ஆனால் அப்படிப் புகுந்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை 10 விநாடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. எந்த ஹெட்மாஸ்டரின் பிரம்புக்கும் இந்த வேகம் கிடையாது.

ஏன் நிற்கிறது? ஃபின்லாந்தின் உளவியலாளர் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996-இல் சுற்றி நிற்பவர்களை வகை பிரித்துப் பார்த்தார். கூடச் சேர்ந்து அடிக்கிறவர்கள், சிரித்து ஏற்றிவிடுகிறவர்கள், கண்டும் காணாமல் ஒதுங்குகிறவர்கள், அடிபடுகிறவன் பக்கம் நிற்கிறவர்கள். சீண்டுகிறவன் தேடுவது பெரும்பாலும் வகுப்பில் ஒரு கெத்து. அதை மற்றவர்கள்தான் தரவேண்டும். ஒவ்வொரு சிரிப்பும் அவனுக்குக் கூலி. கூட்டாளி இல்லாத பிள்ளையாகப் பார்த்துப் பிடிப்பதும் அதற்குத்தான். கெத்துக்குச் சேதாரம் வராது பாருங்கள்.

ஒதுங்கி நிற்கிற பலருக்கு உள்ளுக்குள் இது பிடிப்பதே இல்லை. ஆனால் அடுத்தவன் பேசாமல் நிற்பதைப் பார்த்து, ‘நமக்கு மட்டும்தான் இப்படித் தோணுது போல’ என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். இப்படித்தான் யாருக்கும் பிடிக்காத ஒன்று வகுப்பின் வழக்கமாகிவிடுகிறது.

சரி, அடிபடுகிற பிள்ளைக்குள் என்ன நடக்கிறது? 2003-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை. ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி, இன்னும் இரண்டு பேரோடு ஆடுவதாக நம்பி, கணினியில் ஒரு பந்து விளையாட்டு. கொஞ்ச நேரத்தில் அந்த இருவரும் பந்தை இவருக்குப் போடுவதை நிறுத்திவிடுவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் ‘காய்’ விடுவதுபோல, அவ்வளவுதான். அதற்கே, உடம்பு வலிக்கும்போது விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதி ஒன்று விழித்துக்கொண்டது. (அந்தப் பகுதிக்கு வேறு வேலைகளும் உண்டு, ஆகவே இரண்டும் ஒரே வலி என்று சொல்லிவிட முடியாது.) தினமும் இது நடந்தால் பிள்ளையின் கவனம் கரும்பலகையில் நிற்காது. பின்பெஞ்சில் யார் என்ன கிசுகிசுக்கிறார்கள் என்பதிலேயே போய்விடும். மதிப்பெண் சரியும், காலையில் வயிறு வலிக்கும், விடுப்பு கூடும். பிரிட்டனில் 1958-இல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், சிறுவயதில் அடிக்கடி சீண்டப்பட்டவர்களுக்கு 50 வயதிலும் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது.

சால்மிவல்லியின் குழு இதையெல்லாம் வைத்து ‘கிவா’ என்ற திட்டத்தைத் தயாரித்தது. ஃபின்னிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘அருமை’ என்று பொருள். 2009 முதல் நாடு முழுக்கப் பரவியது. இதில் எனக்குப் பிடித்த உத்தி ஒன்று: வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த இரண்டு முதல் நான்கு பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, ‘சீண்டப்படுகிற பிள்ளையோடு கொஞ்சம் சேர்ந்து இருங்கள்’ என்று ஆசிரியர் கேட்டுக்கொள்வார். அவ்வளவுதான். கெத்து உள்ளவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், சீண்டுகிறவனுக்குக் கூலி நின்றுபோகும்.

சீண்டல் குறைந்தது. அப்புறம்தான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று தெரியவந்தது. சீண்டல் குறைந்த வகுப்பில் அதற்குப் பிறகும் சீண்டப்படுகிற ஒன்றிரண்டு பிள்ளைகள், மற்ற வகுப்புகளில் சீண்டப்படுகிறவர்களைவிட அதிகம் நொந்துபோகிறார்கள். பத்துப் பேருக்கு நடந்தால் சீண்டுகிறவன் மோசம் என்று தோன்றும். தனக்கு மட்டும் நடந்தால், ‘என்கிட்டதான் ஏதோ கோளாறு’ என்று தோன்றிவிடுகிறது.