சீசனுக்கு முன் குதிரைக்கு ஹார்மோன் ஊசி: போடுவதற்கு முன் யோசிக்க வேண்டியவை

ஏப்ரல், மே வந்துவிட்டால் ஏற்காட்டில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. கோடை விழா முடியும்வரை குதிரை நின்றால் வருமானமும் நின்றது. அதே மாதங்களில்தான் பெட்டைக் குதிரைகள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் பருவத்துக்கு வரும். வாலைத் தூக்கும், நாலடிக்கு ஒருதரம் சிறுநீர் விடும், பக்கத்தில் ஆண் குதிரை வந்தால் இழுத்தாலும் நகராது. முதுகில் சின்னப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது இது ஆபத்து. "சீசன் முடியற வரைக்கும் பருவத்துக்கு வராம ஒரு ஊசி போட்டு விடுங்க சார்" என்று கேட்டு வருகிறவர்கள் பரவாயில்லை. கேட்காமலே மருந்துக்கடையில் மாட்டு ஊசியை வாங்கிப் போட்டுவிடுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அவர்கள் வாங்குவது பெரும்பாலும் குளோப்ரோஸ்டினால். புரோஸ்டாகிளாண்டின் வகை மருந்து. கறவை மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரப் போடுவது. பருவத்தை நிறுத்த நினைத்து, பருவத்தை வரவழைக்கும் மருந்தையே போடுகிறார்கள்!

குதிரையின் சுழற்சி 21, 22 நாள். அதில் 5 முதல் 7 நாள் பருவம். கருமுட்டை வெளியான இடத்தில் மஞ்சள் உடலம் என்றொரு திசு உருவாகி, புரோஜெஸ்டிரோன் சுரக்கும். அது இருக்கும்வரை, அதாவது சுமார் இரண்டு வாரம், குதிரை ஆண் குதிரையை அண்ட விடாது. சினை பிடிக்கவில்லை என்றால் கருப்பையே புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து மஞ்சள் உடலத்தைக் கரைத்துவிடும். அடுத்த பருவம் வரும். ஊசி செய்வதும் இதே வேலைதான், சில நாள் முன்கூட்டி. கருமுட்டை வெளியாகி ஐந்து நாள்கூட ஆகாத குதிரைக்குப் போட்டால் பலன் கிடைப்பது அரிது. மஞ்சள் உடலமே இல்லாத குதிரைக்குப் போட்டால் காசு வீண். சினைக் குதிரைக்குப் போட்டால் கரு போய்விடும், ஏனென்றால் ஆரம்பத்தில் சினையைத் தாங்குவதும் அந்த மஞ்சள் உடலம்தான்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்கி வருகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. விற்றவருக்கே அது சினை என்று தெரியாமல் இருக்கலாம். அப்படி வந்த ஒரு மார்வாரிக் குதிரைக்கு, பருவத்துக்கு வரவில்லையே என்று வாங்கியவர் தானே ஊசி போட்டுவிட்டார். உடம்பெல்லாம் வியர்த்து, வயிற்று வலியில் புரண்டு, லத்தி தண்ணீராகப் போனபோதுதான் என்னை அழைத்தார். வியர்வையும் வலியும் குதிரைக்கு இந்த மருந்தில் எதிர்பார்க்கக் கூடியவைதான். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் அடங்கும். ஆனால் மாட்டுக்கான அளவு குதிரைக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு. குதிரை தேறிவிட்டது, கரு தேறவில்லை. இதில் இன்னொரு சிக்கல். ஏறத்தாழ 35 நாளைத் தாண்டிய சினை கலைந்தால், கருப்பையில் உருவாகும் கிண்ணம் போன்ற சில திசுக்கள் கரு போன பிறகும் ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். மாதக் கணக்கில் முறையான பருவம் வராது. 11 மாதச் சினை கொண்ட பிராணிக்கு அது ஒரு வருஷத்தையே தின்றுவிடும்.

அந்தத் திசுக்கள் சுரக்கும் ஹார்மோனைத்தான் சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் கருமுட்டை வளர ஊசியாகப் போடுகிறோம். வேடிக்கை, அதே ஊசி குதிரையின் சூலகத்தில் பெரிதாக வேலை செய்வதில்லை. மாட்டுக்கு நல்லது குதிரைக்கும் நல்லது என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

சரி, பருவத்தை நிறுத்தவே முடியாதா? முடியும். ஆல்ட்ரினோஜெஸ்ட் என்ற வாய்வழி மருந்து, புரோஜெஸ்டிரோன் போலவே செயல்படும். தினமும் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் பருவக் குறிகள் அடங்கும். நிறுத்தினால் நாலைந்து நாளில் திரும்பி வரும். கருப்பையில் கிருமித் தொற்று இருந்தால் கொடுக்கவே கூடாது, தொற்று முற்றும். எண்ணெய் போன்ற இந்த மருந்து மனிதத் தோல் வழியாகவும் உள்ளே போகும். லேட்டக்ஸ் கையுறைகூடத் தடுக்காது. குதிரைக்குத் தீனி வைப்பது பல வீடுகளில் பெண்கள். கர்ப்பிணிகள் ஆல்ட்ரினோஜெஸ்ட்டையும் சரி, மேலே சொன்ன புரோஸ்டாகிளாண்டினையும் சரி, தொடவே வேண்டாம். புரோஸ்டாகிளாண்டினை ஆஸ்துமா உள்ளவர்களும் தொடக்கூடாது.

குட்டிக்காக ஹார்மோன் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாட்டுக்குச் சொல்வது போல "காலையில் பருவம், மாலையில் சினை ஊசி" என்ற கணக்கு இங்கே உதவாது. மாட்டுக்குப் பருவம் முடிந்த பிறகு கருமுட்டை வெளியாகும். குதிரைக்குப் பருவம் முடிவதற்கு ஓரிரு நாள் முன்பே வெளியாகிவிடும். ஸ்கேனில் கருமுட்டைப் பை 35 மில்லிமீட்டரைத் தொட்ட பிறகு எச்சிஜி (hCG) என்ற ஹார்மோன் ஊசி போட்டால் சுமார் 36 முதல் 48 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். சின்னதாக இருக்கும்போது போட்டால் பயனில்லை. குளிர் நாடுகளில் பகல் நீண்டது போலக் காட்டிப் பருவம் வரவழைக்கக் கொட்டடியில் ராத்திரி விளக்கு எரிய விடுகிறார்கள். சேலத்தில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசமில்லை. இங்கே பருவம் வராத குதிரைக்கு நான் முதலில் பார்ப்பது மெலிந்து விலா எலும்பு தெரிகிறதா என்பதை, பிறகு குடற்புழுவை.

என்னைக் கேட்டால், சவாரிக் குதிரைகளுக்குப் பாதிப் பிரச்சினை ஹார்மோன் இல்லாமலே தீரும். பெட்டையை மருந்தால் அடக்கிவிட்டு, விதை நீக்காத ஆணை அதே வரிசையில் கட்டி வைப்பதில் என்ன அர்த்தம்? இனப்பெருக்கத்துக்கு வேண்டாத ஆணுக்கு விதை நீக்கிவிடுங்கள். மிச்ச ஆண்களைத் தனியாகக் கட்டுங்கள். எரிச்சல் காட்டும் பெட்டைக்கு எல்லா நாளும் பருவமா என்றும் பாருங்கள். சேணம் அழுத்திய புண்ணோ முதுகுவலியோ இருந்தாலும் உதைக்கும்.

அப்படியும் மருந்து வேண்டுமென்றால், சீசனுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே பருவம் தொடங்கிய தேதியையும் முடிந்த தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்தத் தேதிகளோடு குதிரையைக் கூட்டி வந்தால் முதலில் ஸ்கேன், ஊசியா வேண்டாமா என்பது அதற்கப்புறம்.