"எங்களுக்குள்ள ஆரம்பத்துலேர்ந்தே ஒத்துப்போகலை"

துணைக்குத் தெரியாமல் இன்னொரு உறவில் இருந்து மாட்டிக்கொண்டவர்கள் ஆலோசனை அறையில் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நொறுங்கிப்போவார். ஏமாந்தது ஒருபுறம் இருக்கட்டும், 'அப்போ நாம சந்தோஷமா இருந்ததெல்லாம் பொய்யா?' என்ற கேள்விதான் அவரைத் தூங்கவிடாது.

பழி போடுவதற்காகவே இப்படிச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை, பலர் அதை உண்மையாகவே நம்புகிறார்கள். 1957இல் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் முன்வைத்த அறிவாற்றல் முரண்பாட்டுக் கோட்பாடு இங்கே கைகொடுக்கிறது. 'நான் நல்ல ஆள்', 'நான் துரோகம் செய்கிறேன்' என்ற இரண்டையும் ஒன்றாகச் சுமக்க மனதுக்கு முடியாது. உறவை முறிப்பது கஷ்டம், பழைய நினைவுகளைத் திருத்துவது சுலபம். சண்டை போட்ட நாட்கள் பெரிதாகின்றன, சிரித்த நாட்கள் காணாமல் போகின்றன. அதுவரை கண்ணில் படாத துணையின் சின்னச் சின்னப் பழக்கங்கள்கூட எரிச்சலைக் கிளப்பும்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: "ஒத்துப்போகலைன்னு முதல்ல தோணினது எப்போ? அந்த நபர் வந்த பிறகா, முன்னாடியா?" அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்: "நாங்க மனசுவிட்டுப் பேசினதே இல்லை" என்றார் ஒருவர். மனைவி ஒன்றும் பேசாமல் போனை நீட்டினார். அந்த இன்னொரு உறவு தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு கணவரே அவருக்கு அனுப்பிய செய்திகள். 'சீக்கிரம் வா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்' என்பது வரை சத்தமாக வாசித்தவர், மீதியை வாசிக்கவில்லை.

உறவு நன்றாக இருந்தும் வழிதவறுபவர்கள் இருக்கிறார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வு எட்டு வகைக் காரணங்களைப் பிரித்துக் காட்டியது. கோபம், புறக்கணிப்பு, அன்பு வற்றிப்போவது ஆகியவற்றோடு தன்மதிப்பைத் தேடுவது, புதுமை நாட்டம், குடிபோதை போன்ற சூழல் காரணங்களும் அதில் உண்டு. இவற்றில் சிலவற்றுக்கும் துணையின் குறைக்கும் சம்பந்தமே இல்லை. 'என்கிட்ட என்ன குறை?' என்று தேய்ந்துகொண்டிருப்பவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. உண்மையிலேயே கசந்துபோன உறவுகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கசப்பைப் பேசியிருக்கலாம், பிரிந்திருக்கலாம். மறைத்தது அவரவர் முடிவு.

ஏமாற்றப்பட்டவருக்கு ஒரு எச்சரிக்கை. எப்போது தொடங்கியது, முடிந்துவிட்டதா, உடல்நலப் பரிசோதனை தேவையா? இதையெல்லாம் கேட்டே ஆக வேண்டும். படுக்கையறை விவரங்களைத் துருவ வேண்டாம். பதில் கிடைத்தால் அது காட்சியாக மனதில் ஒட்டிக்கொள்ளும், விபத்தில் தப்பியவர்களுக்கு வருவதைப் போல வேண்டாத நேரத்தில் திரும்பத் திரும்ப வரும். தூக்கமும் பசியும் போய், செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போங்கள். சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்பதை அந்த வாரமே முடிவு செய்யத் தேவையில்லை. அடி, மிரட்டல் இருக்கும் வீடு என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள்.