சிங்க்குக்கு அடியில் சொட்டுகிறதா? எம்-சீலை எடுப்பதற்கு முன் படியுங்கள்

பிளம்பர் வேலைக்கு நாங்கள் போகும் பல வீடுகளில், சிங்க்குக்கு அடியில் குனிந்ததும் முதலில் கண்ணில் படுவது எம்-சீல்தான். வேஸ்ட் பைப் நட்டைச் சுற்றி அப்பிய விரல் தடத்தோடு கல்லாக இறுகிக் கிடக்கும். அதன் ஓரத்திலிருந்தே தண்ணீர் சொட்டிக்கொண்டும் இருக்கும். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் போனாலும் முதுநகர் பக்கம் போனாலும் இதே நிலைமைதான். அந்த இடத்தில் ஒட்டவே கூடாது, கழற்ற வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

குழாயில் வரும் தண்ணீருக்கு அழுத்தம் உண்டு, மாடியில் இருக்கும் டேங்க் அதைத் தள்ளுகிறது. வேஸ்ட் பைப்பில் அப்படி எதுவும் கிடையாது. தண்ணீர் தன் எடையில் கீழே இறங்கி ஓடுகிறது, அவ்வளவுதான். அதைக் கசியாமல் பிடித்துவைக்க ஒரு ரப்பர் வாஷர் நேராக உட்கார்ந்தாலே போதும். அப்படியும் ஒழுகுகிறது என்றால், வாஷர் காய்ந்து இறுகியிருக்க வேண்டும், கோணலாக உட்கார்ந்திருக்க வேண்டும், பைப் எங்கோ இழுபட்டுத் தொங்க வேண்டும், அல்லது கீழே அடைப்பு இருக்க வேண்டும். இவை எதற்கும் எம்-சீல் வைத்தியம் ஆகாது. அடைப்பு எடுக்கக் கழற்ற வேண்டிய நட்டையே அது பூட்டிவிடும். அடுத்த முறை நாங்கள் வரும்போது, சிங்க் ஓட்டையில் மாட்டியிருக்கும் கப்ளிங்கோடு சேர்த்து அறுத்து எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. வாஷரோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகிவிடுகிறது.

சரி, எங்கே ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் கேபினட்டுக்குள் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துவிடுங்கள். ஆர்ஓ மெஷின் பிளக் அங்கே இருந்தால் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் உருவிவிடுங்கள். ஈரக்கையோடு, இருட்டில், சொட்டும் தண்ணீருக்குப் பக்கத்தில் கரண்ட் வேண்டாம். பைப் முழுவதையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து ஒரு மணி நேரம் சிங்க்கில் தண்ணீர் விடாமல் இருங்கள். அப்போதும் தாள் நனைந்தால் குற்றவாளி பெரும்பாலும் வேஸ்ட் பைப் இல்லை. சுவரில் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் வால்வையோ, குழாய்க்குப் போகும் கனெக்‌ஷன் ஹோஸையோ பாருங்கள். ஆர்ஓ ஓடும்போது மட்டும் சொட்டினால் அதன் கழிவுநீர் டியூபைப் பாருங்கள். வேஸ்ட் பைப் என்று நினைத்து எங்களைக் கூப்பிடும் வீடுகளில் ஆர்ஓ டியூப் நழுவிக் கிடப்பதை நிறையவே பார்க்கிறோம்.

தாள் நனையவில்லை என்றால் சிங்க் ஓட்டையை மூடி, பாதி அளவுக்குத் தண்ணீர் பிடியுங்கள். அதில் கொஞ்சம் மஞ்சள் தூள் கலந்துவிடுங்கள். தேங்கி நிற்கும்போதே கீழே கசிந்தால், சிங்க் தகடும் கப்ளிங்கும் சேரும் இடத்தில்தான் கோளாறு. கசியவில்லை என்றால் மூடியை எடுத்துவிட்டு, வெள்ளை டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு நட்டாக, மேலிருந்து கீழே, ஒற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் முதலில் மஞ்சள் ஏறுகிறதோ அதுதான் இடம். மேலே கசியும் தண்ணீர் பைப்பின் வெளிப்பக்கமாக வழிந்து அடியில்தான் சொட்டும், சொட்டும் இடத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. நேற்று வரை நன்றாக இருந்த இணைப்பு திடீரென்று ஒழுகினால், இணைப்பைவிட அடைப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தண்ணீர் தங்காமல் ஓடிக்கொண்டிருந்தவரை தளர்ந்த வாஷர்கூடச் சமாளித்திருக்கும். கீழே அடைத்துக்கொண்டதும் தண்ணீர் பைப்பில் ஏறி நட்டுக்கு மேல் நிற்கிறது, அப்போது கசிவு தெரிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே இருக்கும் சாக்கடைத் தொட்டி (சேம்பர்) நிரம்பினாலும் தாழ்வான தெருக்களில் தரைத்தள வீடுகளுக்கு இதேதான் நடக்கும். சிங்க்கில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறதா, குளுக் குளுக் என்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் அந்த அம்மா, "தம்பி, பைப்பு புதுசுதான், மறுபடியும் ஒழுகுது" என்றார். பைப் உண்மையிலேயே புதிதுதான். ஆனால் கப்ளிங்கிலிருந்து ஒரு சாண் கீழே அந்தச் சுருள் பைப் தொப்பை போட்டுத் தொங்கியது, அந்த இழுவையில் மேல் நட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காரணம் அடுப்பில் இருந்தது. தினமும் சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க நேராகச் சிங்க்கில் ஊற்றுகிறார்கள். சாதாரண பிவிசி ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும், அதற்கு முன்பே பலம் குறைந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சி கிட்டத்தட்ட 100 டிகிரி. அது பைப்பையும் தளர்த்தும், ஆறியதும் சுருள் மடிப்புகளில் பசையாகப் படிந்து மீன் செதிலையும் டீத்தூளையும் பிடித்துவைத்துக்கொள்ளும். முதுநகர் துறைமுகத்து மீன் தாராளமாக வரும் ஊர் இது. செதிலையும் குடலையும் சிங்க்கில் கழுவிவிடும் வீடுகளில் அடைப்பு இன்னும் வேகம்.

"அப்போ கஞ்சிய எங்கதான் ஊத்துறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வடித்த பாத்திரத்திலேயே ஆறவிட்டு, பச்சைத் தண்ணீர் கலந்து ஊற்றலாம். தெருவில் மாடு வளர்ப்பவர்கள் கழுநீர் எடுக்க வந்தால் அவர்கள் வாளியிலேயே ஊற்றிவிடலாம், பைப்புக்கும் நல்லது, மாட்டுக்கும் நல்லது.

இனி வேலைக்கு வருவோம். கீழே வாளியை வைத்துவிட்டு நட்டைக் கையாலேயே திறந்து பாருங்கள், பெரும்பாலும் திரும்பிவிடும். பழைய வாஷரை எடுத்து நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றாலோ, ஓரத்தில் வெடிப்பு தெரிந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். கடைக்குப் போகும்போது பழைய வாஷரையும் நட்டையும் கையோடு கொண்டுபோங்கள், அளவைக் கண்ணால் சொல்லாதீர்கள். வாஷ்பேசின் பைப் 1¼ அங்குலம், சமையலறைச் சிங்க்குக்கு வருவது பெரும்பாலும் 1½ அங்குலம். கடைக்காரர் "எல்லாத்துக்கும் இது செட் ஆகும்" என்று தருவதை நம்பாதீர்கள். புது வாஷரில் ஒரு பக்கம் சரிவாக இருந்தால், அந்தச் சரிவுப் பக்கம் நட்டைப் பார்க்காமல், பைப் போய் உட்காரும் வாயைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். அந்த வாயின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பிசுக்கை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இந்த நட்டுக்கு டெஃப்லான் டேப் தேவையே இல்லை. தண்ணீரைத் தடுப்பது மரை இல்லை, வாஷர். கையால் இறுகும்வரை இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். ரெஞ்ச் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் நட்டு மயிரிழை அளவுக்கு வெடித்துவிடும், அன்றைக்குத் தெரியாது.

பைப்பை இழுத்துக் கட்டாமலும் தொங்கவிடாமலும் ஒரே ஒரு வளைவோடு விடுங்கள். அந்த வளைவில் ஏறக்குறைய 2 அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். சாக்கடை நாற்றமும் கரப்பான்பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். சிங்க்குக்கு அடியில் மாட்டும் பாட்டில் வடிவ ட்ராப் இருந்தால் அதற்குள்ளேயே இந்த வேலை நடந்துவிடும், அடியில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் சுலபம். என்னைக் கேட்டால் செலவு கொஞ்சம் கூடினாலும் சுருள் பைப்பைவிட அதுதான் நல்லது.

பைப் சுவருக்குள் போகும் முனையையும் பாருங்கள். பல வீடுகளில் பெரிய பைப்புக்குள் சின்னதைச் சொருகி, இடைவெளியில் பழைய துணியைத் திணித்திருப்பார்கள். அடைப்பு வந்தால் அங்கேதான் முதலில் பொங்கும். எலி, கரப்பான் வருவதும் அந்த வழியில்தான். அதற்கென்றே ரப்பர் அடாப்டர் கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள். கடற்காற்று அடிக்கும் தேவனாம்பட்டினம் பக்கத்து வீடுகளுக்கு இன்னொன்று: கப்ளிங்கின் நடு ஸ்க்ரூவில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். வலுவாக ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, சீக்கிரமே துருப்பிடித்து, கழற்றும்போது முறிந்துவிடும்.

அடைப்பு எடுக்க ஆசிட் ஊற்றுபவர்களுக்கு உறுதியாக ஒன்று சொல்கிறேன். ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. அடைப்பு நீக்கும் காஸ்டிக் தூளும் தண்ணீர் பட்டதும் கடுமையாகச் சூடேறும், பிவிசியைக் கெடுக்கும். எதையாவது ஊற்றியிருந்தால், பிளம்பர் வந்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள். நட்டைத் திறக்கும்போது அது நேராக எங்கள் முகத்தில்தான் தெறிக்கும். பல வீடுகளில் இதை மறைத்துவிடுகிறார்கள்.

சுவரின் மறுபக்கம் ஈரம் படர்ந்தாலோ, கீழ்வீட்டுக் கூரையில் கறை தெரிந்தாலோ நீங்களே கைவைக்க வேண்டாம், கோளாறு சுவருக்குள் இருக்கிறது. கப்ளிங்கையே மாற்ற வேண்டும் என்றாலும் மேலே ஒருவர், கீழே ஒருவர் பிடிக்க வேண்டிய வேலை அது.

வேலை முடிந்ததும் சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். அப்புறம் புதுத் தாளை விரித்து, ஒரு ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். கேபினட் கதவை இரண்டு மூன்று நாள் திறந்தே வையுங்கள். ஈரம் குடித்த பிளைவுட்டை மூடிவைத்தால் பூஞ்சையும் கரையானும் வரும். பலகை ஏற்கெனவே உப்பியிருந்தால் அதை மாற்றும்போது தச்சரிடம் 710 கிரேடு பிளைவுட் கேளுங்கள், தண்ணீரைத் தாங்குவது அதுதான்.